ஒரு ஆளுக்கு, இருபது வருஷம்

நிதானமா வாசிங்க, ஒண்ணும் அவசரமில்லன்னு சொல்லிட்டு அந்த அம்மா எந்திரிச்சுப் போயாச்சு. லிண்டெமான்னு மேசை மேல பேர் இருக்கு. கல்லறைத் தோட்டத்து வரைபடத்தை எடுத்துட்டு வாரேன், கால் மணி நேரமாகும், அதுக்குள்ள நாலு பக்கத்தையும் பாத்துருங்கன்னு சொன்னா. நான் அதுக்கு முந்தியே பேனா மூடியைக் கழத்தி, கடைசிப் பக்கத்தைப் புரட்டி, எங்க போடணும்னு கேட்டாச்சு. பழக்கம். அவ என் கையில இருந்து பேனாவை மெதுவா வாங்கி மேசையில வச்சுட்டு, வாசிச்ச பொறவுதான், ஃப்ராவ் ஆசீர்வாதம், அப்படின்னா. இந்த ஜெர்மனிக்கு வந்த இருபத்தாறு வருஷத்துல என் கையில இருந்து பேனாவைப் பிடுங்குன ஆளு இவ ஒருத்திதான். ஏச்சு வாங்குன மாதிரியும் இருந்துச்சு, நல்லாவும் இருந்துச்சு. ஜன்னல்ல ஒரு செடி, தண்ணி ஊத்தி ரொம்ப நாளாச்சு போல. எந்திரிச்சு ஊத்தலாமான்னு கை வருது, நம்ம ஆபீஸா என்ன, சும்மா இரின்னு சொல்லி உக்காந்திருக்கேன். காகிதம் என்ன காகிதம்னா, அத்தானுக்குக் குழி. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அடக்கம். போன வாரம் செவ்வாய்க்கிழமை காலம்பற பஸ்ஸுக்கு நின்ன மனுசன், பஸ்ஸு வந்துச்சு, ஏறல. இருதயம்னு சொன்னாவ. நம்ம ஊருன்னா மறுநாள் சாயங்காலத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். இங்க குளிர்ல வச்சு, காகிதமெல்லாம் சரியான பொறவுதான் மண்ணுக்குள்ள விடுவாவ. எட்டு நாளா அவிய எங்கயோ ஒரு அறையில இருக்காவ, நான் வீட்டுல இருக்கேன். அவிய இந்த நாட்டுக்கு வந்த பொறவு இத்தனை நாள் நாங்க பிரிஞ்சு இருந்ததே கிடையாது.

வாசிக்காம கையெழுத்துப் போடுதது எங்க வீட்டு வழக்கம். அத்தானுக்கு அது மரியாதை. ஒரு மனுசன் மெனக்கெட்டு வந்து ஒரு காகிதத்தை நீட்டுதான், அதை அவன் கண்ணு முன்னாலயே வரி வரியா வாசிச்சா, உன்னைய நான் நம்பலன்னு மூஞ்சிக்கு நேர சொல்லுத மாதிரிம்பாவ. முதல் வீடு வாடகைக்கு எடுக்கும்போது அப்படித்தான். நான் ஆஸ்பத்திரி வேலைக்கு முதல்ல வந்துட்டேன், அத்தான் ஆறு மாசம் கழிச்சு மூணு வயசு மகன் ஜெபாவைத் தூக்கிட்டு வந்தாவ, நர்சுமார் விடுதியில இருந்து அன்னைக்குத்தான் பெட்டியை எடுத்தேன். வீட்டுக்காரர் க்ரூகர் தாத்தா பதினாலு பக்கம் நீட்டுதாரு. அத்தான் நேரா பதினாலாவது பக்கத்துக்குப் போயி, அழகா, பாளையங்கோட்டையில பள்ளிக்கூடத்துல போடுத மாதிரி முழுப் பேரும் எழுதி கீழ ஒரு கோடும் இழுத்துட்டாவ. தாத்தாவே கொஞ்சம் பயந்துட்டாரு. வாசிக்கலையான்னு என்னைய பாத்தாரு. நான் சிரிச்சேன், வேற என்ன செய்ய. ரெண்டு வாரம் கழிச்சு எங்க கதவுல ஒரு மரப்பலகை தொங்குது. சின்னப் பலகை, அதுல துடைப்பம் படம். அத்தானுக்கு ஒரே சந்தோஷம், கீழ் வீட்டுக்காரவ என்னமோ அன்பளிப்பு கொடுத்திருக்காவன்னு உள்ள எடுத்துட்டு வந்து சுவர்ல ஆணி அடிச்சு மாட்டியாச்சு, இயேசு படத்துக்குப் பக்கத்துல. அடுத்த திங்கக்கிழமை கீழ் வீட்டு ஃப்ராவ் ஹேகலே மேல வந்து, கையை இடுப்புல வச்சு நின்னு, பலகை எங்கன்னு கேட்டா. பொறவுதான் தெரியுது, பலகை எந்தக் கதவுல தொங்குதோ அந்த வாரம் அந்த வீட்டுக்காரன் படிக்கட்டு, வாசல், தெரு வரைக்கும் பெருக்கணும், பெருக்கிட்டு அடுத்த கதவுல மாட்டணும். ஒம்பதாவது பக்கத்துல இருந்துச்சாம். எங்க மாமியார் வீட்டுல ஆம்பள துடைப்பத்தைத் தொட்டு நான் பாத்ததில்ல. அத்தான் அன்னைக்குச் சாரத்தை மடிச்சுக் கட்டிட்டு இறங்குனாவ, எங்க வாரம், அடுத்த வாரம், ஹேகலே வாரம் எல்லாம் சேத்துப் பெருக்குனாவ, குற்றம் செஞ்சுட்டோமேன்னு. தெரு முக்கு வரைக்கும் பெருக்கிட்டுப் போயிட்டாவ. ஜெபா பின்னாலயே சின்ன முறத்தைத் தூக்கிட்டுப் போனான். நான் மேல ஜன்னல்ல இருந்து பாத்துச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுட்டு. அந்த மாதிரி சிரிச்சது பொறவு எத்தனை தடவைன்னு யோசிச்சா, நிறைய இல்ல. இருந்திருக்கும், ஞாபகம் இல்ல. ஞாபகம் இருக்குததை மட்டும் வச்சுக் கணக்குப் பாத்தா ஒரு மனுசன் கூட வாழ்ந்தது ரொம்பக் கொஞ்சமால்லா தெரியுது.

முயல் பத்திரிகை. அதை விட்டுட்டேனே. ஒரு மழை நாள், காலேஜ் படிக்குத பையன் கழுத்துல அட்டை தொங்கப் போட்டுட்டு வாசல்ல நிக்கான், நனைஞ்சு போயி. அத்தான் உள்ள கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்து, அவன் நீட்டுனதுல போட்டாச்சு. என்னன்னு கேட்டதுக்கு, படிக்குத பிள்ளைடி, என்னத்தையோ விக்கான், பாவம்னாவ. அடுத்த மாசம் வருது, முயல் வளப்பவர்களுக்கான மாத இதழ். அட்டையில ஒரு முயல், ஆட்டுக்குட்டி பெருசு. ஒரு வருஷம் வரும், நின்னுரும்னு இருந்தோம். நிக்கல. முடியுததுக்கு மூணு மாசம் முந்தியே வேண்டாம்னு எழுதிப் போடணுமாம், எழுதலைன்னா அதுவா இன்னொரு வருஷம் போகுமாம். அந்த மூணு மாசத்தை நாங்க ஒவ்வொரு வருஷமும் தவற விட்டோம். நாலு வருஷம் வந்துச்சு. வந்ததை வீணாக்கக் கூடாதுன்னு அத்தான் அகராதி வச்சுகிட்டு அட்டை முதல் அட்டை வரை வாசிச்சாவ, அவிய ஜெர்மன் படிச்சது அதுலதான். மருந்துக் கடையில இருமல் மருந்து கேக்கத் தெரியாது, முயலுக்குக் காது சொறி வந்தா என்ன செய்யணும்னு தெளிவாச் சொல்லுவாவ. எங்க வார்டு டாக்டர் வீட்டுல முயல் வளத்தாரு, அவருகிட்ட ஒரு கிறிஸ்மஸ் விருந்துல அத்தான் அரை மணி நேரம் பேசி, அவரு என்கிட்ட வந்து உங்க வீட்டுக்காரர் கால்நடை டாக்டரான்னு கேட்டாரு. இல்ல, தகரத் தட்டு அடிக்குத கம்பெனியில மெஷின் ஓட்டுதாவன்னு சொல்ல எனக்கு மனசே வரல. ஆமான்னு தலையாட்டிட்டேன். அந்த ஒரு பொய்க்காக அத்தான் ஒரு மாசம் என்னைய டாக்டரம்மா டாக்டரம்மான்னு கேலி பண்ணுனாவ.

தலையாட்டுதது. அதுலதான் வந்து நிக்குது இப்ப. சரி, வாசிக்கேன். எனக்கு ஜெர்மன் தெரியாமலா, இருபத்திரெண்டு வருஷம் வார்டுல பேசியிருக்கேன். எங்க வலிக்குது, மூச்சை நல்லா இழுங்க, அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க, பயப்படாதீங்க இங்கதான் இருக்கேன். உசுரு போற நேரத்துல கூடப் பேசியிருக்கேன். இந்தக் காகிதத்து ஜெர்மன் வேற. ஒரு வார்த்தை ரயில் மாதிரி நீளமா வருது, பெட்டி பெட்டியாக் கழத்திப் பாத்தாத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும். முதல் பக்கம் பேரு, பிறந்த தேதி, இறந்த தேதி. இறந்த தேதியை வாசிக்காம தாண்டிட்டேன், அது எனக்குத் தெரியும். ரெண்டாவது பக்கம். ரூஹெட்ஸைட்னு இருக்கு. ரூஹேன்னா ஓய்வு, ட்ஸைட்னா நேரம். வார்டுல மத்தியானம் சாப்பாட்டுக்குப் பொறவு கதவுல மாட்டுவோமே, ஓய்வு நேரம், சத்தம் போடாதீங்கன்னு. அதுக்கு நேர இருபது வருஷம்னு போட்டிருக்கு. நல்லது, ஓய்வெடுக்கட்டும்னு தாண்டிப் போகப் பாத்தேன். அடுத்த வரியில கண்ணு நின்னுட்டு. நீட்டிக்க இயலாது. திரும்ப வாசிச்சேன். வரிசைக் கல்லறை, ஒரு ஆளுக்கு, இருபது வருஷம், நீட்டிக்க இயலாது. காலம் முடிஞ்சதும் கல்லை உரிமையாளர் எடுத்துக்கிடணும், இடம் வேற ஆளுக்குக் கொடுக்கப்படும். கல்லறைக்கு வாடகையா. குழியைக் காலி பண்ணணுமா. அடப்பாவிகளா, செத்தவனுக்குமா கெடு வச்சிருக்கீங்க. யாரு இதைக் கேட்டா? நான்தான் கேட்டிருக்கேன். அடக்கம் நடத்திக் கொடுக்குத ஃபோக்ட், கறுப்புக் கோட்டு, நல்ல மனுசன், மறுநாளே வீட்டுக்கு வந்து சோபாவுல உக்காந்து ஒவ்வொண்ணா கேட்டாரு. நான் ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டுனேன். நம்ம ஊருல துட்டி வீட்டுல, அதான் சாவு வீட்டுல, புருசனைக் கொடுத்தவ வாயே திறக்க வேண்டாம். அத்தைமார், சித்தப்பாமார், மணியடிக்குத கோயில்பிள்ளை, பாடகர் குழுவுல நாலு பேரு, அவங்களே எல்லாம் பாத்துக்கிடுவாவ, நடுவுல யாராவது வந்து குனிஞ்சு காதுல எதையாவது சொன்னா, ம்னு தலையாட்டணும். அது சரிங்குதது இல்ல, வேண்டாங்குததும் இல்ல. நீங்க பாத்து என்ன செஞ்சாலும் சம்மதம், என்னைய விட்டுருங்கன்னு அர்த்தம். ஃபோக்ட் அதை ஒவ்வொண்ணா எழுதிகிட்டாரு. அவரு மேல ஒரு குத்தமும் இல்ல. ஒத்தைக் கல்லறைதானேன்னு கேட்டிருப்பாரு, நான் தலையாட்டியிருப்பேன். எனக்குப் பக்கத்துல அத்தையும் இல்ல, சித்தப்பாவும் இல்லன்னு அவருக்கு எப்படித் தெரியும்.

இருபது வருஷம் கழிச்சு எனக்கு எண்பத்தி மூணு. எங்க அம்மா தொண்ணூத்தொண்ணு வரைக்கும் இருந்தா, கண்ணாடி போடாம வேதம் வாசிச்சா. அப்ப நான் இருப்பேன். இருந்து, ஒரு கடுதாசி வரும், இந்தத் தேதிக்குள்ள கல்லை எடுத்துக்கிடுங்கன்னு. எடுத்து எங்க வைக்க, சமையலறையிலயா? யாரோ ஒரு மனுசியை அந்த இடத்துல படுக்க வைப்பாவ, அத்தான் பேரு இருந்த இடத்துல அவ பேரு இருக்கும். ரெண்டாவது தடவை சாகக் கொடுக்கணுமா நான்? இதை யாருகிட்ட கேக்க. ஜெபா காலம்பற பூனாவுல இருந்து பேசுனான், நாளைக்கு வந்து இறங்குதான். கல்லறை ஆபீசுக்குப் போறேன்னேன். அம்மா, ஒத்தையே போட்டுட்டு வாங்க, போதும், நீங்க எப்படியும் அடுத்த மாசம் எங்கூட வந்துருவிய, பொறவு அங்க யாரு இருந்து பாக்கப் போறா, அப்படின்னான். அவன் நல்லதுக்குத்தான் சொல்லுதான். அவன் சொல்லுததுல ஒரு தப்பும் இல்ல. எனக்கு ஒரு அறை ஒதுக்கியாச்சாம், ஏசி மாட்டியாச்சாம், பக்கத்துத் தெருவுல தமிழ் சர்ச்சு இருக்காம். சரிப்பான்னேன். அவனுக்கும் போன்லயே தலையாட்டியாச்சு. நான் பூனாவுல ஏசி அறையில இருப்பேன், இவிய இங்கன பனியில கெடு முடியுததுக்குக் காத்துக் கிடப்பாவ. வண்டிக்காரன் வந்து கல்லைப் பேத்து எடுக்கும்போது பக்கத்துல நிக்கக்கூட ஒரு ஆளு இருக்காது. இதுல போயி நான் பேனா மூடியைக் கழத்தினேனே. அந்த அம்மா மட்டும் பிடுங்கலைன்னா இந்நேரம் போட்டிருப்பேன், போட்டுட்டு தேங்க்ஸ் வேற சொல்லியிருப்பேன். அத்தான், உங்க மரியாதை இந்தத் தடவை உங்களையே வீட்டை விட்டுக் காலி பண்ண வச்சிருக்கும். எனக்கு அவிய மேல கோவமா வருது, செத்த மனுசன் மேல கோவப்படலாமோ, வருதே.

ஒரே ஒரு காகிதம் நாங்க வாசிக்காமப் போட்டு நல்லா முடிஞ்சது. கோயில் பதிவுப் புத்தகம். பாளையங்கோட்டையில, மே மாசம், கல்யாண ஆராதனை முடிஞ்சு பீடத்துக்குப் பின்னால இருக்குத சின்ன அறை, பாதிரி ஐயர் பெரிய புத்தகத்தைத் திறந்து, இங்க போடு பிள்ள, இங்கன்னு விரலை வைக்காரு. மேல மின்விசிறி தாளைப் பறக்க அடிக்குது. எனக்குப் பூச்செண்டு ஒரு கையில, முக்காடு வழுக்குது, பேனா மை வேற வரல. அப்ப அத்தான் கையை நீட்டி அந்தத் தாளை அமுக்கிப் பிடிச்சாவ, நான் எழுதி முடிக்குத மட்டும். அதுக்கு முந்தி அவிய கையை நான் சரியாப் பாத்ததே இல்ல. நகமெல்லாம் ஒட்ட வெட்டி, சுண்டு விரல்ல ஒரு தழும்பு. அந்தக் கையைப் பாத்துகிட்டே எழுதினதுல என் பேரு கோணலாப் போச்சு. ஐயர் சிரிச்சாரு. அந்தத் தாள்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா அதுக்கு முந்தி சத்தமா வாசிச்சுத்தான் காட்டுனாரு, சபை பூரா கேட்டுச்சு. சாவு வந்து பிரிக்குத மட்டும்தான்னு. அதுலயும் கெடு இருந்துச்சு. நாங்கதான் காதுல போட்டுக்கிடல. இருபத்தி மூணு வயசுல யாரு அதைக் கேக்கா. அப்படிப் பாத்தா அந்தக் கெடு போன வாரம் செவ்வாய்க்கிழமை காலம்பற முடிஞ்சாச்சு. நான் இப்ப அவியளுக்கு ஒண்ணும் இல்லையோ? அப்படி எப்படி. முடிஞ்சுதுன்னு யாரும் எனக்கு எழுதிப் போடல. அது பாட்டுக்குத் தொடர்ந்து போகட்டும்.

மூணாவது பக்கத்தையும் வாசிச்சேன், விரல் வச்சு, ஒவ்வொரு பெட்டியா கழத்தி. வகைகள்னு ஒரு பட்டியல். முதல்ல இருக்குதது இந்த ஒத்தை. ரெண்டாவது, ரெண்டு பேருக்கு, பக்கத்துல பக்கத்துல. வேணுங்குத மட்டும் நீட்டிக்கலாம். அதுக்குக் கீழ சின்ன எழுத்துல ஒரு வரி. முதல் தடவை புரியல. ரெண்டாவது தடவை புரிஞ்ச மாதிரி இருந்துச்சு, நம்பல. மூணாவது தடவை உதட்டை அசைச்சு வாசிச்சேன். ரெண்டாவது ஆளை அடக்கம் பண்ணும்போது, அன்னையில இருந்து இருபது வருஷம், மொத்த இடத்துக்கும். மொத்த இடத்துக்குமா? அப்படின்னா நான் எப்ப வந்தாலும், பத்து வருஷம் கழிச்சோ முப்பது வருஷம் கழிச்சோ, நான் வந்த நாள்ல இருந்து எனக்கும் இருபது, அவியளுக்கும் இருபது. நான் வந்தா அவியளை எழுப்ப மாட்டாவ. எனக்கு வாய்விட்டு அழணும் போல இருந்துச்சு. அந்தச் செடியைப் பாத்துகிட்டே அழுதேன், யாரும் இல்லல்லா. பொறவு மூக்கைத் துடைச்சுட்டு நாலாவது பக்கத்தையும் வாசிச்சேன். அதுல செடி எத்தனை அடி உயரம் வளக்கலாம்னு இருந்துச்சு.

லிண்டெமான் வரைபடத்தைச் சுருட்டிப் பிடிச்சுகிட்டு வந்தா. என் முகத்தைப் பாத்தா, காகிதக் கைக்குட்டை டப்பாவைத் தள்ளி வச்சா. வாசிச்சாச்சா, கேள்வி ஏதாவது இருக்கான்னு மட்டும் கேட்டா. இருபத்தாறு வருஷத்துல ஒரு காகிதத்தைப் பத்தி நான் கேள்வி கேட்டதே இல்ல. மூணாவது பக்கத்துச் சின்ன எழுத்து வரியில விரலை வச்சு, நான் புரிஞ்சுகிட்டது சரியான்னு கேட்டேன். சரிதான்னா. அப்படின்னா ஒத்தை வேண்டாம், ரெண்டு பேருக்குள்ளதை மாத்தி எழுதுங்கன்னேன். ரெண்டாவது ஆளு யாருன்னு கேட்டா. நான்தான்னேன். சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகலையா, ஃபோக்ட் அப்படித்தான் சொன்னாருன்னு தயங்கித் தயங்கிக் கேட்டா. போவேன், மகன் வீட்டுக்குப் போவேன், இருப்பேன், ஆனா இங்கதான் வருவேன்னு சொன்னேன். ஜெபா கோவப்படுவான். படட்டும், நாளைக்கு வாரான்லா, மூஞ்சியைப் பாத்துச் சொல்லிக்கிடலாம். அவ புது காகிதம் எடுத்தா, அதுல ரெண்டு கட்டம் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சிருக்கு, கட்டத்துக்கு மேல தலைமாட்டுக் கல்லுன்னு குறிச்சிருக்கு. கணவருக்கு இடது கட்டமா வலது கட்டமா, எதுவா இருந்தாலும் ஒண்ணுதான், உங்க விருப்பம்னா.

"தலை கல்லுப் பக்கமா? மல்லாந்துதான் படுக்க வைப்பீங்க?"

ஆமான்னா, குழம்பிப் போயி. நான் கண்ணை மூடி அவியளைப் படுக்க வச்சுப் பாத்தேன். வலது காது மெஷின் சத்தத்துல போயி பதினேழு வருஷமாச்சு. ராத்திரி நான் பேசுதது கேக்கணும்னா நான் அவியளுக்கு இடது பக்கம்தான் படுக்கணும், பதினேழு வருஷமா அப்படித்தான் படுக்கேன். மல்லாந்து, தலை அங்க, அப்ப மேல இருந்து பாத்தா இடது காது வலது கட்டத்துப் பக்கம் வரும். அவியளுக்கு இடது கட்டம், எனக்கு வலது. ரெண்டு தடவை சரி பாத்துட்டுக் கட்டத்துல விரலை வச்சுக் காட்டினேன். எதுக்குன்னு அவ கேக்கல, ஆனா நான் சொன்னேன், வார்டுல பேசுத ஜெர்மன்ல.

"இந்தப் பக்கத்துக் காதுதான் அவருக்குக் கேக்கும்."

அவ தலையைக் குனிஞ்சு இடது கட்டத்துல அத்தான் பேரை எழுதினா, எழுத்து எழுத்தா என்கிட்ட கேட்டுக் கேட்டு. பொறவு வலது கட்டத்துல பேனாவை வச்சுகிட்டு என் பிறந்த தேதியைக் கேட்டா.